துவர்ப்பு வைனும் ஆட்டிறைச்சிக் கறியும்

இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், யாழ்ப்பாணத்திலிருந்து போன எங்களுடைய ஆட்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். சைவரும் கத்தோலிக்கருமாகச் சேர்ந்தே நகரின் பாதுகாவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறிப் போகிறார்கள். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் சிலவேளை ஒரு போத்தல் சிவப்பு வைனும் இருக்கும். மானிப்பாயில் அதைத் திறந்து ஒரு வாய் குடித்தவர், "இது பழுதாப் போச்சு" என்று முகத்தைச் சுளிப்பார். தோலகட்டி ஆச்சிரமத்து இனிப்பான திராட்சை ரசத்தில் பழகிய நாக்கு வேறென்ன சொல்லும்? ஆனால் வைனில் பழுதேதும் இல்லை. அதற்கேற்ற சாப்பாட்டைப் பக்கத்தில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

துவர்ப்புக்குப் பேர்போன இத்தாலிய வைன்களில் ஒன்று, வடமேற்கே பீமொந்தேயில் நெபியோலோ திராட்சையிலிருந்து எடுக்கும் பரோலோ. அதைவிடக் கடுமையானது, நாட்டின் நடுவே உம்பிரியாவில், மொந்தேபால்கோ என்ற சிற்றூரைச் சுற்றி விளையும் சாக்ராந்தினோ. 37 மாதமாவது பதப்பட்ட பிறகே அதை விற்கலாம் என்பது சட்டம். முன்பு அவ்வூர் விவசாயிகள் பழத்தை உலர்த்தி இனிப்பு வைனாகச் செய்து, உயிர்த்த ஞாயிறன்று ஆட்டுக்குட்டி இறைச்சியோடு குடித்தார்கள். இனிப்பில்லாத வைன் பரவியது 1970களிலிருந்துதான். வைன் மாறியும் ஆட்டிறைச்சி மாறவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் தனின், மருதம்பட்டையிலும் பாக்கிலும் நாங்கள் அறிந்த துவர்ப்பின் இனம்தான். அது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துத் திரளவைக்கும். வாயின் வழுவழுப்புப் போய் நாக்கு வறண்டு இழுக்கும். கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி வாயில் இருந்தால் தனின் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். வைன் தொடாதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: கடுஞ்சாயத் தேத்தண்ணியில் பால் விட்டவுடன் துவர்ப்பு அடங்குவது இதே காரணத்தால்தான்.

எங்கள் அடுப்படியில் எது இந்த வைனுக்குப் பொருந்தும்? மீன், நண்டு, இறால் போட்ட ஒடியல் கூழைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். சிவப்பு வைனில் உள்ள இரும்புச் சத்து கடலுணவோடு சேர்ந்தால் வெடுக்கு மணத்தைக் கிளப்பும் என்று 2009இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூழில் விடும் பழப்புளி துவர்ப்பைக் கூட்டும். செத்தல் மிளகாயின் எரிவை, வைனின் 14, 15 வீத மதுசாரம் இன்னும் மூட்டிவிடும். கூழுக்குப் பனங்கள்ளுதான் துணை. அந்தச் சோடியைப் பிரிக்க நான் உடன்படமாட்டேன்.

ஆட்டிறைச்சிக் கறிதான் இதற்குச் சரி. ஆனால் வழமையான கறி அல்ல. கொழுப்போடும் எலும்போடும் துண்டுகள் எடுங்கள். கறித்தூளைப் பாதியாகக் குறையுங்கள். பெருஞ்சீரகம், கறுவா, மிளகு தாராளமாகப் போடலாம். மெல்லிய நெருப்பில் நேரமெடுத்து அவியவிட்டு, இறுதியில் தேங்காய் முதற்பால் விட்டு இறக்குங்கள். உப்புக் குறையக் கூடாது, அது கசப்பை அடக்கும். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுகிற பழக்கத்தை அன்றைக்குத் தவிருங்கள். பக்கத்தில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போதும். வாழைப்பூ வறை எனக்கு மிகப் பிடித்தது, ஆனாலும் இந்த வைனோடு வேண்டாம். துவர்ப்பின் மேல் துவர்ப்பு ஏறும்.

இன்னொரு விடயம். சிவப்பு வைனை அறைச் சூட்டில் வைத்துக் குடிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. அது ஏறக்குறைய 18 பாகை. எங்கள் மத்தியானமோ 30ஐத் தாண்டும். ஆகவே போத்தலை ஒரு மணி நேரம் குளிரூட்டிப் பெட்டியில் வையுங்கள். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு முரடாகும். பிறகு திறந்து ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் காற்றுப் படவிடுங்கள். கறி அடுப்பில் இருக்கும் நேரம் அதற்குப் போதும். மிஞ்சினால் இறுக மூடிக் குளிரில் வைக்கலாம். மறுநாள் துவர்ப்புச் சற்றுத் தணிந்திருக்கும், கறியும் நன்றாக ஊறியிருக்கும்.