ஆளில்லாத் தீவு என்று சொன்னது யார்?



டீகோ கார்சியா என்றொரு தீவு. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். குதிரை லாடம் போல் வளைந்த பவளத்திட்டு. நடுவே போர்க்கப்பல் நங்கூரமிடக் காயல், ஓரத்தில் பி-52 குண்டுவீச்சு விமானம் இறங்க ஓடுபாதை. 1991இல் ஈராக், 2001இல் ஆப்கானிஸ்தான், 2003இல் மறுபடியும் ஈராக்: மூன்று போருக்கும் இங்கிருந்து அமெரிக்க விமானங்கள் குண்டு சுமந்து போயின.

ஏன் இந்தத் தீவு? ஒரு நாட்டின் கரையில் தளம் போட்டால் நாளை அங்கே ஆட்சி மாறும், ஊர்வலம் வரும், "வெளியே போ" என்பார்கள். அதனால் சனம் குறைந்த, ஒதுக்குப்புறமான தீவுகளை இப்போதே வளைத்துப் போடுங்கள் என்று 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படைக்கு யோசனை சொன்னவர் ஸ்டூவர்ட் பார்பர். கெட்டிக்கார யோசனைதான், மறுக்கவில்லை. ஊரே இல்லாத இடத்தில் ஊர்வலம் ஏது?

ஆனால் அங்கே ஊர் இருந்தது ஐயா! தென்னந்தோப்பில் கொப்பரை எடுத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சாகோஸ் மக்கள் இருந்தார்கள். 1965இல், விடுதலைக்குக் காத்திருந்த மொரிஷியஸிடமிருந்து, டீகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் பிய்த்தெடுத்தது. கொடுத்த விலை 30 லட்சம் பவுண்டு. அமெரிக்காவோ தன் காங்கிரசுக்கே தெரியாமல், பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலரைப் பிரிட்டனுக்குத் தள்ளுபடி செய்தது. நிரந்தரக் குடிகளே இல்லை, எல்லாரும் ஒப்பந்தக் கூலிகள் என்று லண்டன் அதிகாரிகள் கதை கட்டினார்கள். 1971இல் தீவின் நாய்களைப் பிடித்துக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். வளர்த்தவர்களைக் கப்பலேற்றினார்கள். 1973க்குள் தீவுக்கூட்டம் முழுவதும் காலி!

அதே 1971இல்தான், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ முன்னின்று கேட்க, இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலம் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, ஓடுபாதை வளர்ந்துகொண்டிருந்தது.

"பாதுகாப்பு வேண்டாமா?" என்கிறார்கள். யாருக்கு? 2021இல் கனடா நோக்கிப் போன படகு பழுதாகி, 89 இலங்கைத் தமிழர் அந்தத் தீவில் கரை சேர்க்கப்பட்டார்கள். பலர் கூடாரத்திலேயே மூன்றாண்டு கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று தீவுகளை ஆளும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொன்னது.

பிரிட்டனே விலகு என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. 2025 மே மாதம் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தீவுகள் மொரிஷியஸுக்கு, டீகோ கார்சியா மட்டும் 99 ஆண்டு பிரிட்டன் கையில். மற்றத் தீவுகளில் சாகோஸ் மக்கள் குடியேறலாமாம். டீகோ கார்சியாவில் அமெரிக்கச் சிப்பாய் இருக்கலாம், பிலிப்பைன்ஸ் தொழிலாளி இருக்கலாம், அங்கே பிறந்தவன் மட்டும் குடியிருக்கக் கூடாது!