அலைபாயும் மனமும் அமையும் தொழிலும்



படித்துப் பட்டம் பெற்றவர். அறிவிற் குறைந்தவர் அல்லர். ஆயினும் பத்தாண்டுகளில் ஐந்து உத்தியோகங்களை விட்டுவிட்டார். சேர்ந்த புதிதில் அவரைப்போல் உழைப்பவர் இல்லை என்பர். ஆறு திங்கள் சென்றால் கோப்புகள் மேசையில் தேங்கும். குறித்த வேளை தவறும். வீட்டார் அவரைச் சோம்பேறி என்பர்; உறவினர் நிலையில்லாதவன் என்பர். நாளடைவில் அவரும் அதை நம்பிவிடுவார். இத்தகையோர் சித்தூரிலும் உண்டு, திருப்பதியிலும் உண்டு. நம் தெருவிலும் உண்டு.

இவர்களுள் சிலரிடம் காணப்படுவது சோம்பலன்று. மருத்துவ நூலார் அதனைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்றும், சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்றும் குறிப்பர். 1902ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இதையொத்த நிலையை லண்டனில் தம் சொற்பொழிவுகளில் விவரித்தார். இது சிறுவர்க்கே உரியது, வளர வளர மறைந்துவிடும் என்று நெடுங்காலம் கருதினர். இன்றோ, வயது வந்தோருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இது காணப்படுவதாகக் கணக்கிடுகின்றனர். ஆனால், அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும் என்பது மருத்துவர்களின் அளவுகோல். நேற்றுச் சலிப்புற்றவரெல்லாம் தமக்கும் இந்நிலையே என முடிவு கட்டலாகாது.

கவனமே இல்லை என்பது இதன் பொருளன்று. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலே தளர்ந்திருக்கிறது. பிடித்த பொருளில் ஊண் உறக்கம் மறந்து ஆழ்ந்துவிடுவர். பிடிக்காத பத்து வரியை எழுத ஒரு பகல் போதாது. ஆர்வம், புதுமை, நெருக்கடி ஆகிய மூன்றுமே இவர்களைச் செயலில் செலுத்துவன.

சித்தூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட கலைஞர் ஒருவரை நேயர்கள் அறிவார்கள். 1904இல் ரேபல்லேயில் பிறந்த நாகையா, சித்தூரில் அரசாங்க எழுத்தராக இருந்தார், பின்னர் ‘ஆந்திர பத்திரிகை’யில் பணிபுரிந்தார், விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். அவ்வூர் ராம விலாச சபையின் நாடக மேடையே அவருக்குப் பெயரைத் தந்தது. 1946இல் வெளிவந்த ‘தியாகய்யா’வில் நடிப்பு, பாட்டு, இசையமைப்பு, இயக்கம் அனைத்தும் அவருடையனவே. 1965இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மறைந்தவருக்கு நாம் நோயின் பெயர் சூட்டவில்லை, அது முறையுமன்று. ஒரு தொழிலை விட்டு மறு தொழிலுக்குச் சென்றவரையெல்லாம் வீணர் என்று ஒதுக்குவது தவறு என்பதற்கே அவர் சான்று. ஆனால், அவர் ஈட்டிய பெருஞ்செல்வம் இறுதிவரை அவரிடம் தங்கவில்லை. கலைக்கு ஒரு திறமை வேண்டும், கணக்குக்கு வேறொரு திறமை வேண்டும் என்ற பாடமும் இதில் அடங்கியுள்ளது.

அப்படியாயின், இத்தகையோர் எத்தொழிலை நாடுவது? தொழிலின் பெயரைக் காட்டிலும் அதன் அமைப்பையே பார்த்தல் வேண்டும். திருக்காளத்திக் கலம்காரி வேலையை நோக்குங்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். மூங்கில் எழுதுகோலால் கோடிழுப்பர். படிகாரம் தீட்டிச் சாயமேற்றுவர். ஓடும் நீரில் அலசுவர். வேலை நெடியது, ஆனால் ஒவ்வொரு படியும் குறுகியது. கைக்கு வேலையுண்டு, உடலுக்கு அசைவுண்டு, செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும், மாம்பழப் பருவத்துச் சித்தூர்ச் சந்தையிலும் இப்பண்புகளைக் காணலாம்.

உத்தியோகத்தை மாற்றாமலே வேலையை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். ஆண்டறிக்கையின் பக்கங்களை வாரக்கணக்கில் பெயர்ப்பது ஒரு வகை. மாலைக்குள் வேண்டுமென வரும் அறிவிப்பைப் பெயர்ப்பது வேறு வகை. பதவி ஒன்றே, ஊதியமும் ஒன்றே. வேண்டப்படும் மனப்பாங்குதான் வேறு. முன்னதில் தடுமாறுபவர் பின்னதில் முன்னிற்கக் கூடும். மேலதிகாரி இதையறிந்து பகிர்ந்தளித்தால் இருவருக்கும் நன்மையே. பெரும்பணியைச் சிறு கூறுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் நாள் குறிப்பதும், உடன் ஒருவர் அமர்ந்து வேலை செய்வதும் பயன் தரும். சொல்லியதை எழுதியும் கொடுத்துவிட்டால் மறதிக்கு இடமிராது.

ஆகவே, வெறுப்பு மேலிட்ட அன்றே ராஜிநாமாக் கடிதம் எழுதுதல் வேண்டா. ஆழம் தெரியாமல் காலை விடலாமா? ஒரு திங்கள், எவ்வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எவ்வேலையில் மனம் ஓடிப்போயிற்று என நாள்தோறும் இரண்டு வரி குறித்து வாருங்கள். புதிய தொழிலை ஓய்வு நாட்களில் சிறிதளவு செய்து பாருங்கள். வரவு செலவை வீட்டில் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். இவற்றோடு மனநல மருத்துவரையும் காணுங்கள். திருப்பதியில் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரூயா மருத்துவமனை உள்ளது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை பெறலாம். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இறுதியாகப் பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். நிலையில்லாதவன் என்று சொல்வது எளிது. எந்நிலையில் இவன் நிலைப்பான் என்று தேடுவது அரிது. அரியதைச் செய்தால் ஒரு வாழ்வு தன்மேல் கொண்ட வெறுப்பினின்று மீளும். ஒரு குடும்பத்திற்கு உழைக்கும் கையும் கிடைக்கும்.