சலப்பையின் அமைப்பும் தொழிலும்

(இளைஞர் மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்ணைப் பற்றியோ இருதயத்தைப் பற்றியோ பேச எவரும் கூசுவதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ சபையிற் சொல்லக் கூசும் பொருள். சலப்பை என்றும் சிறுநீர்ப்பை என்றும் வழங்கும் உறுப்பே அது. இந்தக் கூச்சமே பலருடைய நோயை முற்றவிடுகின்றது. ஆதலாற்றான் சபையிலேயே சொல்லத் துணிந்தேன்.

1601ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பிராக் நகரில் ஒரு பிரபுவின் வீட்டில் விருந்து நடந்தது. தொலைநோக்கி தோன்றுமுன்பே வெறுங்கண்ணாற் கோள்களை அளந்த தைக்கோ பிராகே என்ற வானநூலறிஞர் அதற்குச் சென்றிருந்தார். விருந்தின் நடுவே எழுவது மரியாதையன்று எனச் சலத்தை அடக்கிக்கொண்டிருந்தார். வீடு திரும்பியபின் சலம் செவ்வையாகப் போகவில்லை. பதினொரு நாளில் உயிர் நீத்தார். உடனிருந்து பணிபுரிந்த கெப்பிளரே இதனைக் குறித்து வைத்துள்ளார். ஒருமுறை அடக்கியதனால் மட்டும் இத்துணைக் கேடு வருவது அரிது. முன்னரே ஏதோ அடைப்பு இருந்திருக்கலாம் என்று வைத்தியர் சிலர் கருதுவர். அவ்வாறாயின், அவர் மறைத்த நோயும் அடக்கிய சலமும் ஒன்றுசேர்ந்தன என்க.

இனி உறுப்பின் அமைப்பைக் காண்போம். சிறுநீரகம் இரண்டும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதிற் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற் சேர்கின்றது. எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லீற்றரே சலமாகின்றது. அது 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் வழியே சலப்பைக்கு வருகின்றது. அக்குழாய்கள் அலையலையாகச் சுருங்கிச் சலத்தைத் தள்ளுவதனால், நாம் படுத்திருக்கும்போதும் அது தடையின்றி வந்து சேரும்.

சலப்பை அடிவயிற்றில், முன்னெலும்புக்குப் பின்னே இருக்கின்றது. வெறுமையாயின் சுருங்கித் தட்டையாகக் கிடக்கும். நிறைந்தால் முட்டை வடிவாகி மேலெழும். அதன் சுவர் பனையோலைப் பெட்டி பின்னினாற்போலப் பல திசையிலும் பின்னிய தசையாலானது. உட்புறத் தோலின் கலங்களோ, பை விரிய விரியத் தட்டையாகி இடங்கொடுக்கும். சலத்திலுள்ள கழிவு உடலுக்குட் புகாமலும் காக்கும்.

சலப்பையின் அடியில் முக்கோணமான ஓரிடம் உண்டு. அதன் மேல்மூலை இரண்டிலும் வரும் குழாய்கள் திறக்கின்றன. கீழ்மூலையில் வெளிப்போகும் வழி தொடங்குகின்றது. வரும் குழாய்கள் சுவரை நேரே துளைக்காமற் சாய்வாக நுழைகின்றன. எனவே பை நிறைந்து அழுத்தம் கூடும்போது அவற்றின் வாய் தானே நெரிந்து மூடிக்கொள்ளும். சலம் சிறுநீரகத்துக்குத் திரும்பாது. படைத்தவனின் கைவண்ணத்தை இங்கே காண்கிறோம்.

வெளிவழியில் இரண்டு காவல்கள் உள. உட்காவல் நம் சொற்கேளாது. வெளிக்காவல் நம் விருப்பத்துக்கு அடங்கும். ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் சேர்ந்ததும் முதல் அறிவிப்பு வரும். 400, 500 ஆகும்போது வற்புறுத்தும். குழந்தைக்கு நிறைந்தவுடன் தானே வெளியேறும்; வளர வளர மூளை ஆட்சியை ஏற்கின்றது. சலப்பைத் தசை சுருங்கும் அதே வேளையிற் காவல்கள் தளரவேண்டும். இவ்விரண்டையும் இசைவிக்கும் இடம் மூளைத்தண்டில் உள்ளது என்பதனை 1925இற் பாரிங்டன் என்ற ஆங்கில அறிஞர் பூனைகளில் ஆராய்ந்து காட்டினார்.

இத்துணைப் பொறுமையான ஊழியனை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? பாடசாலை மலசலகூடம் சுத்தமில்லையென்று எத்தனை பெண்பிள்ளைகள் காலைமுதல் மாலைவரை தண்ணீரும் குடியாமல், சலமும் கழியாமல் இருக்கின்றார்கள்! ஆணுக்கு வெளிவழி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர்; பெண்ணுக்கு நாலே சென்ரிமீற்றர். கிருமி எளிதில் ஏறிவிடும். தண்ணீர் குடித்து உரிய வேளையிற் சலங்கழித்தால், அந்தக் கிருமியை நீரே கழுவிவிடும். சித்த வைத்தியமும் அடக்கலாகாத பதினான்கு வேகங்களுள் இதனையும் ஒன்றாக வைத்திருக்கின்றது.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்களுக்குச் சலப்பையின் கழுத்தைச் சுற்றி முன்னிற்குஞ் சுரப்பி உண்டு. புறொஸ்ரேற் என்பது அதுவே. முதுமையில் அது பருத்து வழியை நெருக்கும். இரவிற் பலமுறை எழுதல், நெடுநேரம் முக்குதல், சொட்டுச் சொட்டாகப் போதல் ஆகியவை அதன் அடையாளம். "வயது போனால் இப்படித்தான்" என்று மகனுக்கும் சொல்லாமலிருந்து, ஒருநாள் முற்றாக அடைபட்டு, வேதனையோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுவோர் பலர். குழாய் வைத்துச் சலத்தை எடுத்ததும் அவர்கள் முகத்தில் வரும் ஆறுதலைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். முன்னரே சொல்லியிருந்தால் மருந்தே போதியதாயிருந்திருக்கலாம்.

இன்னொன்று. 1895இல் ஜேர்மன் வைத்தியர் ரேன், சாயத் தொழிற்சாலையாளரின் சலப்பையிற் கட்டிகள் தோன்றுவதைக் கண்டறிந்தார். உடலிற் புகுந்த நஞ்சு சலத்தோடு வந்து அங்கே தங்கி நிற்பதே காரணம். சுருட்டும் சிகரெட்டும் செய்வதும் இதுவே. சலப்பைப் புற்றுநோய்க்குத் தலையாய காரணம் புகைத்தலே. நோவில்லாமற் சலத்தோடு இரத்தம் போனால் ஒருநாளும் தாமதிக்கவேண்டாம்.

உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டது நமது சைவ மரபு. கோயிலிற் கருவறைக்கு மாத்திரமன்றி, அபிடேகநீர் வெளியேறும் கோமுகைக்கும் இடமுண்டு. அது அடைபட்டால் கருவறையிலேயே நீர் தேங்கும். ஆதலின் இளைஞர்களே, உங்கள் சிரமதானப் பணியில் ஊர்ப் பாடசாலையின் மலசலகூடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியோர்களே, வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். இவ்விரண்டும் நடக்குமாயின் இன்றைய பேச்சு வீண்போகவில்லையென்று மகிழ்வேன்.