இரண்டு பாடமா, ஒன்றா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



சின்னப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் மேசைமேல் இருக்கும் கோப்பைகளின் மேல்தான் இருக்கிறது. அது நியாயந்தான். ஆகவே என் பேச்சு அவர்களுக்கு அல்ல. பின்னால் நின்றுகொண்டிருக்கும் அவர்களுடைய அண்ணன்மார் அக்காமாருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பசியாறிக்கொண்டிருந்தேன். இப்பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மகள் ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். முதல் ஆண்டு முடிந்த கையோடு, வரலாற்றையும் இன்னொரு முதன்மைப் பாடமாக எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, ரெண்டு பாடம் படிச்சா ரெண்டு சம்பளமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அதைவிட நேரான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. இல்லை என்றுதான் பதில் சொன்னேன். இரண்டு முதன்மைப் பாடம் என்றால் பட்டம் ஒன்றுதான்; அந்த ஒரே பட்டத்துக்குள் இரண்டு துறை. இரட்டைப் பட்டம் என்பது வேறு. அதில் பட்டச் சுருள் இரண்டு, ஆண்டும் கூடும். இவ்விரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"அப்ப எதுக்குய்யா இந்தப் பாடு?" என்றார். அவருக்கு விளங்கும்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நம் நாட்டில் ஓர் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, நூலகம், வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து. ஆக 4,800 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்று வைத்தால் 600 நாள் வேலை. இரண்டாவது முதன்மைக்குப் பத்துப் பாடம், பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். அது 1,200 மணி நேரம், அதாவது 150 நாள் வேலை. அவளுக்கு விருப்பப் பாடமாக ஐந்து இடம் காலியாக இருந்தால், பாதி அந்த 120-க்குள்ளேயே அடங்கிவிடும். மீதி 75 நாள் வேலை மேல்சுமை. அதை விடுமுறையில் செய்வாளா, ஒரு பருவம் கூட இருந்து செய்வாளா?

"எழுபத்தஞ்சு நாள் பேரு!" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கணக்கு மாறும். பக்கத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், கலை, அறிவியல் மாணவர்களுக்கு இரண்டாம் முதன்மை 40 அலகு, துணைப்பாடம் 20 அலகு. சரிபாதி. இந்தத் துணைப்பாடம் என்ற வழி இருப்பதையே நம் பிள்ளைகள் பலர் கவனிப்பதில்லை. பெரியது ஒன்று, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு பெற்றோர் என்னிடம் முன்பு கேட்டது நினைவுக்கு வருகிறது. "எஸ்.பி.எம்.மில் நம்ம பிள்ளைங்க பன்னிரண்டு பாடம் எடுக்கலையா? அப்ப முடிஞ்சது இப்ப முடியாதா?" உண்மைதான். 2010-இல் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடம் என்று வரம்பு வந்தபோது நம் சமுதாயம் குரல் கொடுத்தது. தமிழ் மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் கூட எடுக்க இடம் கிடைத்தது. பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் உட்கார்ந்து இலக்கியம் படித்துத் தேறிய பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அது இன்னும் ஒரு தேர்வுத் தாள். முதன்மைப் பாடம் அப்படியல்ல. அதில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படி ஏற வேண்டும். முதல் படி ஏறாமல் மூன்றாம் படிக்கு விடமாட்டார்கள். இரண்டு துறையும் ஒரே மணிக்கு வகுப்பு வைத்துவிட்டால், அந்தப் பாடம் மறுபடியும் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பட்டுச் சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, வார இறுதியில் படிக்கும் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். தமிழ் முதன்மைப் பாடம். அது போதாதென்று கணினித் துறையையும் சேர்த்துக்கொண்டேன். ஏன் என்று யாராவது அன்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. உடன் வேலை செய்த நண்பர் எடுத்தார், நானும் எடுத்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் நீளமாக எதையாவது போட ஆசை. பகலில் இணைந்த வகுப்பு, இரவில் படிப்பு. நான்காம் பருவத்தில் கணினியில் இரண்டு தாள் போயிற்று. அதைச் சரிக்கட்டப் போய்த் தமிழிலும் மதிப்பெண் சரிந்தது. அம்மாவுக்கும் உடம்புக்கு முடியவில்லை. கட்டிய பணம் போக, படிப்பையே நிறுத்தினேன். இன்றுவரை என் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான். இந்த ஆண்டு மறுபடியும் பதிந்திருக்கிறேன், தமிழ் மட்டும்.

இணைந்த வகுப்பு என்றேனே, அதுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிக் கொடுத்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில் உட்காரும். ஒரு பக்கம் கழித்தல், ஒரு பக்கம் கதை என்று நடத்தினால் இரண்டும் கெடும். நான் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பேன். ஒரே கதையை எடுத்து, சின்னவர்களுக்கு எழுத்து, பெரியவர்களுக்கு வாக்கியம் என்று பிரித்துக் கொடுத்தால் வகுப்பு தானே நடக்கும். இரண்டு முதன்மைப் பாடமும் அந்த மாதிரிதான் என்பது என் எண்ணம். கணிதமும் கணினியும் சேர்த்துப் படிக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் சிரமமில்லாமல் போகிறான். ஒன்றில் கற்றது மற்றதில் உதவுகிறது. தமிழும் கணினியும்கூடச் சேரும், சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சேரவில்லை, ஏனென்றால் நான் சேர்க்கவே முயலவில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம். அன்று சாயங்காலமே அவளோடு தொலைபேசியில் பேசினேன். "ஏம்மா வரலாறு?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னாள்: "சார், எங்க பாட்டி தோட்டம் துண்டாடுன கதையச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பொருளாதாரத்துல ரப்பர் விலை ஏறி இறங்குனது படிக்கிறோம். ஆனா தோட்டத்த வித்தப்ப லயத்துல இருந்தவங்க எங்க போனாங்கன்னு அதுல இல்ல."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. தோட்டத் துண்டாடலையும், அதற்கு எதிராகத் தோட்டத் தொழிலாளர்களிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் நாம் விழாக்களில் பேசுகிறோம். அதைக் கணக்கும் ஆவணமுமாக எழுத ஒருவர் வேண்டும் என்றால், அவருக்கு இந்த இரண்டு பாடமும் வேண்டியதுதான். என் கணினிக்கு இல்லாத காரணம் இவளிடம் இருந்தது.

ஆனாலும் 75 நாள் 75 நாள்தானே. மூன்று காரியம் செய்யச் சொன்னேன். வரலாற்றில் இரண்டு பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்துப் பார், பதிவதை அப்புறம் வைத்துக்கொள். இரண்டு துறை ஆலோசகரையும் நேரில் பார்த்து, எந்தப் பாடம் இரண்டு பக்கமும் எண்ணப்படும் என்று எழுத்தில் வாங்கு. பி.டி.பி.டி.என். கடன் எத்தனை பருவத்துக்கு என்று ஒப்பந்தத்தில் பார்; ஒரு பருவம் நீண்டால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசு. இந்தக் கடைசிதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நம் வீடுகளில் பிள்ளைகள் பணத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அப்பாவோ படிப்பைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்கக் கூச்சப்பட்டு வாத்தியார் வீட்டுக்கு வருகிறார்.

பேசினார்கள். அவர் சொன்னாராம், "ஒரு பருவம் கூடுனா தம்பியோட ஆறாம் படிவச் செலவும் சேர்ந்து வரும்." அவள் வரலாற்றை முதன்மையாக எடுக்கவில்லை, துணைப்பாடமாக, ஐந்து பாடத்தோடு நிறுத்திக்கொண்டாள். இறுதியாண்டு ஆய்வேட்டைத் தோட்டத் துண்டாடல் பற்றியே பொருளாதாரத் துறையில் எழுத அனுமதி கேட்டிருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தப் பத்துப் பாடத்தையும் படித்திருப்பாள். அப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு பருவச் செலவைக் கொடுக்க நம் பழைய மாணவர்கள் முன்வரக் கூடாதா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பொறுப்பாளர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணும் விடுமுறைக்கு வந்து, மூன்றாவது வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் பிள்ளைகளுக்குச் சந்தேகம் இருந்தால் தேநீர் வேளையில் அவளையே கேட்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.