கொழுந்தெடுக்கும் கையும் அதன் அறிவும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாடசாலை விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ன என்று கேட்டால், நம் பிள்ளைகளிற் சிலர் 'தொழிலாளி' என்று மட்டும் எழுதிவிட்டு விரைந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். தொழில் பற்றிய ஏடுகளோ அதனைத் 'தேர்ச்சியற்ற வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அச்சொல் மெய்தானா என்பதையே இன்று நாம் ஆராய எண்ணுகிறோம்.

ஒரு தேயிலைச் செடியை உற்றுப் பாருங்கள். அதன் தலையிலுள்ள தளிர்கள் யாவும் ஒரே வயதின அல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இன்று எடுக்கத்தக்கது ஒன்று. ஏழெட்டு நாள் கழித்து அடுத்த சுற்றில் எடுப்பதற்காக இன்று விட்டுவைக்க வேண்டியது ஒன்று. வளர்ச்சி நின்று மொட்டு உறங்கிப்போனது வேறொன்று. இந்த மூன்றாவதைக் கிள்ளி நீக்காவிட்டால் புதுத் தளிர் கிளம்புவது தாமதமாகும். இவற்றையெல்லாம் கண் பிரித்தறிய, இரு கைகளும் ஒரே வேளையில் இரு வேறு இடங்களில் கிள்ளுகின்றன. கை ஒரு தளிரில் இருக்கும்போதே கண் அடுத்ததற்குப் போய்விடுகிறது. கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடித்தால் அது கசங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். கூடையில் அமுக்கினாலும் அப்படியே. செடியின் மட்டம் கெடாதபடி மட்டக்கம்பை வைத்துப் பார்க்கவும் வேண்டும். இத்தனையும் நடப்பது சமதரையிலன்று. வழுக்கும் சரிவில், மழையில், முதுகிலே கூடையுடன்!

"பழக்கந்தானே, இதில் அறிவு எங்கே?" என்று கேட்பார் உண்டு. பழக்கம் மாறாத பொருளுக்கன்றோ போதும்? மலைக்கு மலை செடி வேறு. வெயிற்காலத் தளிர் வேறு, மழைக்காலத் தளிர் வேறு. கவ்வாத்துக்காரரைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படும் செடியில், தண்ணீர் தங்காதபடி சாய்வாகவும், கொப்பு பிளவாதபடி ஒரே வீச்சிலும் அவர் வெட்ட வேண்டும். தவறான வெட்டின் பலன் ஆண்டுக்கணக்கில் செடியிலே தெரியும்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன, சொல்லட்டும். ஆயினும் ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோத் தேயிலை கிடைக்கிறது என்றால், அந்த நாலரைக் கிலோவின் தரம் தீர்மானமாவது தொழிற்சாலையிலன்று, மலையிலே. முற்றிய இலையை எந்த இயந்திரமும் இளங்கொழுந்தாக்காது.

கடல் கடந்தும் ஒருவர் இதை ஆராய்ந்தார். மைக் ரோஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் தாயார் உணவுச்சாலையில் பரிமாறியவர். அவ்வேலையிலும் அதுபோன்ற தொழில்களிலும் உள்ள சிந்தனையைப் பற்றி மகன் 2004இல் ஒரு நூலே வெளியிட்டார். எந்த மேசைக்கு எது, எவருக்கு அவசரம், ஒரே நடையில் எத்தனை காரியம் முடிக்கலாம் என்பதையெல்லாம் தலையிலே வைத்திருப்பது சிறிய வேலையா? கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கும் நம் தம்பிமாரும் இதைத்தானே செய்கிறார்கள்!

வெறும் பாராட்டுக்காக நாம் இதைச் சொல்லவில்லை. அட்டை கடித்த காலுக்குப் புகழ்ச்சி மருந்தாகாது; பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவதைத் தடுக்கவும் இதை எவரும் எடுத்தாளக் கூடாது. 'தேர்ச்சியற்றது' என்ற சொல் சம்பளத்தையும் அல்லவா தொடுகிறது! கொழுந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்பதற்கு ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. எந்த வேலைக்கும் நியாயமான கூலி உரியது என்பது ஒருபுறமிருக்க, தேர்ச்சியே இல்லையென்று சொல்லிக் குறைப்பது இரட்டை அநியாயம்.

ஆயுத பூசையன்று கவ்வாத்துக் கத்திக்குச் சந்தனம் வைத்து வணங்குகிறோம். அக்கத்தியைப் பிடிக்கும் முறையை நம் இளைஞரில் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்? ஆகவே மன்றத்துக்கு ஒரு யோசனை. இவ்வாண்டு பூசைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கவ்வாத்தில் கைதேர்ந்த பெரியவர் இருவரையும், கொழுந்தெடுப்பதில் மூத்த தாய்மார் இருவரையும் அழைத்துக்கொண்டு மலைக்கே போவோம். அவர்கள் சொல்லட்டும், இளைஞர்கள் எழுதிக்கொள்ளட்டும். மழை பெய்தாலும் போவோம். ஈரக் கொழுந்தைப் பற்றிக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.