ஓர் அரச வாரிசும் ஒரு நகரப் பாட்டும்

 

பாரிசுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் நின்ற ஜோர்ஜியக்காரர் எந்த நாளும் ஒரே பாட்டைத்தான் முணுமுணுப்பார். 'திபிலிசோ'. தங்கள் தலைநகரைப் பெயர் சொல்லி அழைக்கிற பாட்டு. யார் எழுதியது என்று கேட்டேன். "எங்கட பாட்டு" என்ற மாதிரி ஏதோ சொன்னார். பெயர் அவருக்குத் தெரியாது.

இசை ரேவாஸ் லாகிட்சே. சொற்கள் பேத்ரே குருசின்ஸ்கியுடையவை.

அந்தக் குடும்பப் பெயரே ஒரு கதை. அவர் பாக்ரதியோனி அரச குலத்தவர். கிழக்கு ஜோர்ஜியாவின் கடைசி மன்னர் 12ஆம் கியோர்கியின் வழிவந்தவர். 1801இல் ரஷ்யப் பேரரசு அந்த நாட்டை இணைத்துக்கொண்டது. பிறகு அரச வாரிசுகள் 'குருசின்ஸ்கி' ஆனார்கள். ரஷ்ய மொழியில் அதற்கு 'ஜோர்ஜியன்' என்றுதான் பொருள். நாட்டை எடுத்துக்கொண்டு அதன் பெயரை மட்டும், அதையும் தங்கள் மொழியில், திருப்பிக் கொடுத்தார்கள்!

பேத்ரே பிறந்தது 1920இல், ஜோர்ஜியா சுதந்திர நாடாக இருந்த அந்த மூன்று ஆண்டுகளுக்குள். 1921 பெப்ரவரியில் செம்படை திபிலிசிக்குள் நுழைந்தபோது அவருக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அரசாங்கத்தில் இருந்தவர்கள் பலர் பிரான்சுக்கு வந்தார்கள். பாரிசுக்குத் தெற்கே லவில்-சுர்-ஓர்ஜில் 1922இல் ஒரு மாளிகையை வாங்கினார்கள். தலைவர் நோவே ஜோர்தானியா அந்த ஊர் மயானத்தில்தான் கிடக்கிறார்.

குருசின்ஸ்கி அங்கேயே வாழ்ந்தார். ஸ்டாலின் காலத்தில் கைதும் ஆனார். பிறகு பாட்டு எழுதினார், சினிமாவுக்கும். 1973இல் வந்த 'வேரா பேட்டையின் மெட்டுகள்' அவற்றில் ஒன்று. சினிமாப் பாட்டா என்று நம்மில் சிலர் முகம் சுளிப்போம். ஊரில் நின்றவர் சமரசம் செய்தவர், வெளியே வந்தவர் தப்பி ஓடியவர் என்ற சண்டையும் நமக்குப் புதிதல்ல. எனக்கு அதில் ருசி இல்லை. மன்னரின் வழித்தோன்றல் முன்னோரின் தலைநகரை வாய்விட்டு அழைக்கிறார். அதை நகரப் பெருமை என்று சோவியத் வானொலி பாடவிடுகிறது. அவர் அதை என்னவாக எழுதினார் என்பதை நீங்களே யோசியுங்கள்.

1984இல் இறந்தார். நாடு மீண்டும் சுதந்திரமானது 1991இல்.

எல்லாவற்றையும் அந்த நண்பரிடம் சொன்னேன். "ராசாவா?" என்று கையைத் துடைத்தார். பிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்.