தேடுபொறியும் தேடுவோர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இணையத்தில் உள்ளவற்றைத் தேடித்தரும் தேடுபொறிகள் இன்று அடைந்துவரும் மாற்றங்களைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். வயதிலும் அறிவிலும் மூத்தோர் நிறைந்த இச்சபையில் பேசுதற்கு எமக்குள்ள தகுதி ஒன்றே: இவ்விடயத்தில் நாம் ஒருமுறை இடறி விழுந்திருக்கின்றோம்.

சென்ற தவணையிற் பல்கலைக்கழகத்திற் கட்டுரையொன்று எழுதவேண்டியிருந்தது. கேட்டதற்கு விடை கூறும் புதுமாதிரியான பொறியொன்றை அணுகினோம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண் யாவற்றையும் அது சிறிதும் தயங்காது தந்தது. அவற்றை அப்படியே அடிக்குறிப்பில் எழுதினோம். கட்டுரையைக் கையளிக்கும் நாளுக்கு முதல்நாள் மனங் கேளாமல் நூலகத்துக்குச் சென்றோம். நூலகர் பட்டியல்களையெல்லாம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஆசிரியர் இருக்கிறார், ஆனால் இப்படியொரு புத்தகம் அவர் எழுதினதாக எங்கேயும் இல்லையே" என்றார். இல்லாத நூலுக்குச் சாட்சி கூற இருந்தோம்! அன்று தொடங்கியே இப்பொறிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிய முற்பட்டோம்.

1990ஆம் ஆண்டிற் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் அலன் எம்ரேஜ் என்பவர் 'ஆர்ச்சி' என்னும் பொறியை ஆக்கினார். அது கோப்புகளின் பெயர்களை மாத்திரமே தேடியது. 1994இல் வந்த 'வெப்குரோலர்' பக்கங்களில் உள்ள சொற்கள் அனைத்தையும் தேடத்தக்கதாயிற்று. இதன் சூட்சுமம் எமக்குப் புதிதன்று. தேவாரப் பதிப்புகள் பலவற்றின் இறுதியிற் பாட்டு முதற்குறிப்பகராதி ஒன்று உண்டு. பாட்டின் முதற்சொல் தெரிந்தால் உரிய பக்கத்தை உடனே புரட்டிவிடலாம். தேடுபொறியோ பக்கங்களில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அத்தகைய அகராதியை முன்கூட்டியே ஆக்கி வைத்திருக்கின்றது. ஆதலினாலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் விடை தருகின்றது.

சொல் ஒன்று, அது வரும் பக்கங்களோ ஆயிரமாயிரம். எதனை முதலிற் காட்டுவது? ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லரி பேஜ், சேர்கே பிறின் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டு, 1998இற் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தை வேறு பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, அப்படிச் சுட்டுவன தாம் எத்தகைய மதிப்புடையன என்று கணிப்பதே அவ்வழி. சான்றோர் பலர் எடுத்துக்காட்டும் நூலைச் சிறந்ததெனக் கொள்ளும் பழைய வழக்கமன்றோ இது!

இந்நாளைய போக்கு இதனையுங் கடந்து சென்றுவிட்டது. 2017இற் கூகிள் அறிமுகஞ் செய்த 'லென்ஸ்' படத்தையே கேள்வியாக ஏற்கின்றது. பெயர் தெரியாத பூவைப் படம்பிடித்துக் காட்டி, அதன் பெயரை வினவலாம். 2019இல் 'பேர்ட்' என்னும் முறையைத் தேடலிற் புகுத்தியபின், சொற்களை அவற்றின் முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்த்துப் பொருள் கொள்ளும் ஆற்றல் மிகுந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2023 பெப்ரவரியில் மைக்ரோசொப்ற் நிறுவனம் தனது 'பிங்' பொறியில் உரையாடி விடையளிக்கும் முறையைச் சேர்த்தது. 2024 மே மாதத்திற் கூகிளும் அமெரிக்காவிலே தேடற் பக்கத்தின் தலைப்பில் விடையைத் தொகுத்துத் தரலாயிற்று.

முன்னைய பொறி வீட்டைக் காட்டிவிட்டு விலகி நின்றது. இன்றைய பொறி படலையிலேயே எம்மை மறித்து, வீட்டார் சொல்லவேண்டியதைத் தானே சொல்லிவிடுகின்றது.

இதனால் வரும் நன்மை பெரிது. நேரம் மிச்சமாகின்றது, பிறமொழியில் உள்ளதையும் தமிழில் வினவி அறியலாம். ஆயினும், ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரத்தக்கது என்று கணித்துக் கணித்தே இப்பொறி விடையை ஆக்குகின்றது. எனவே மெய்யையும் பொய்யையும் ஒரே குரலிற் கூறவல்லது. இக்குறையைப் போக்குவதற்காக, முதலிற் பக்கங்களைத் தேடியெடுத்து, அவற்றைக் கொண்டு விடையை ஆக்கி, மூலங்களையும் உடன்காட்டும் முறை இப்போது பரவியுள்ளது. அதுவும் முற்றான காவலன்று. பீற்சாவிற் பாற்கட்டி வழுவாதிருக்கப் பசை சேர்க்கலாமென்று 2024 மே மாதத்திற் கூகிளின் விடையொன்று கூறி, உலகோர் நகைப்புக்கு ஆளாயிற்று. யாரோ ஒருவர் பல ஆண்டுகளின் முன் பகிடியாக எழுதியதை அது மெய்யென எடுத்துக்கொண்டது.

இன்னொரு கவலையும் உண்டு. விடையைத் தலைப்பிலேயே பெற்றவருட் பலர் மூலப் பக்கத்துக்குச் செல்லார். வாசகர் வராத இடத்தில் எழுதுவோர் எத்தனை காலம் எழுதுவர்? எழுதுவோர் ஓய்ந்தாற் பொறி எதனைத் தொகுக்கும்? ஊற்று அடைபட்டபின் துலாவினால் ஆவது என்ன?

தமிழுக்கோ அவ்வூற்று இன்னும் சிறிதாகவே உள்ளது. பொறி தன்னால் வாசிக்கக்கூடியதையே தேடும். 'பாமினி' எழுத்துருவில் எம்மவர் பல ஆண்டுகள் தட்டச்சுச் செய்தவை கண்ணுக்குத் தமிழ். பொறிக்கோ பொருளற்ற உரோம எழுத்துக்கள். ஒருங்குகுறிக்கு மாற்றினாலன்றி அவை தமிழ்த் தேடலில் அகப்படா. படமாக்கப்பட்ட பழைய ஏடுகளும் எழுத்தாக மாற்றப்பட்டாலே முழுப் பயன் தரும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூல்நிலையம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பேணிவருவது எத்துணைப் பெருந்தொண்டு என்பது இதனால் விளங்கும்.

எமது சங்கத்தின் பழைய மலர்கள் அலுமாரியிற் கிடக்கின்றன. அவற்றை எழுத்தாக்கி இணையத்தில் ஏற்றும் வேலையை இளைஞராகிய நாம் ஏற்போம். மங்கிய படங்களில் நிற்பவர் யார், விழா நடந்த ஆண்டு எது என்பவற்றைப் பெரியோர்களே எமக்குச் சொல்லித்தர வேண்டும். அவை இன்று எந்தப் பொறிக்கும் தெரியாதவை. நாம் எழுதாது விட்டால், நாளை எமது பேரப்பிள்ளைகள் வினவும்போது பொறி வேறெதையோ தயங்காது சொல்லிவிடும்.

இளைஞர்களே! பொறி தரும் விடையைத் தேடலின் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். மூலத்தைத் திறந்து பார்த்தபின்னரே எழுதுங்கள். நூலகர் முன் நாம் தலைகுனிந்து நின்ற நிலை உங்களில் ஒருவருக்கும் வரவேண்டாம்.